நாகம் குறைவு, செம்பு கூட: மார்பகப் புற்றுநோயாளரின் இரத்தத்தில் உலோகம் பார்ப்பதும் ரிப்போட்டை வாசிப்பதும்

“நாகம் குறைவு, செம்பு கூட” என்று அண்ணா ரிப்போட்டைச் சத்தமாக வாசித்ததும் மாமி எழும்பிப் போய்ச் சாமி அறையில் விளக்கேற்றினார். நாகதோஷம் என்று நினைத்துவிட்டார். இது பள்ளிக்கூட விஞ்ஞானப் புத்தகத்து நாகம், பாமசியில் சிங்க் என்று கேட்டு வாங்குகிற நாகம் என்று விளங்கப்படுத்த எனக்குக் கால் மணித்தியாலம் பிடித்தது. அதற்குள் அண்ணா, மச்சாள் தண்ணீர் குடிக்கும் செம்பைத் தூக்கிப் பரணில் வைத்துவிட்டார். செம்பு கூட என்றால் செம்பில் குடிக்கக் கூடாதுதானே என்பது அவருடைய நியாயம்.

மச்சாள் என் கணவரின் தங்கை. அண்ணா என்று நான் கூப்பிடுவது மச்சாளின் கணவரை. வீடு திருகோணமலை உவர்மலையில், எங்கள் வீட்டிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி. மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்து, ஒரு பக்க மார்பையும் அக்குள் நெறிகளையும் (நிணநீர் முடிச்சுகளையும்) எடுத்து அப்போது 12 நாள். காயத்தில் கொஞ்சம் சீழ். அந்த நேரம் பார்த்து முகவர் ஒருவர் வீடு தேடி வந்து, உடம்பில் உள்ள உலோகங்களை அளந்தால் நோயின் வேர் தெரியும் என்று சொல்லி இரத்தம் எடுத்துப் போயிருக்கிறார். பத்து நாளில் சிவப்பு மையில் ரிப்போட் வந்தது. கூடவே என்னென்ன குளிசை வாங்க வேண்டும் என்று ஒரு துண்டும் வந்தது. எனக்கு அந்தத் துண்டைப் பார்த்ததும்தான் கோபம் வந்தது.

நான் 31 வருடம் அரசாங்க ஆய்வுகூடங்களில் எம்.எல்.ரி. (மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர்) ஆக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். டொக்டர் இல்லை. மருந்து சொல்வது என் வேலையும் இல்லை. ஆனால் ஒரு ரியூப் இரத்தம் கையிலிருந்து இறங்கிக் காகிதத்தில் எண்ணாக ஏறும் வரை வழியில் என்னென்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். மச்சாளுக்குப் பிறகு பாலையூற்றிலிருந்து ஒருவர், கிண்ணியாவிலிருந்து ஒருவர் என்று இதே மாதிரி ரிப்போட்டுடன் வந்து கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் விறாந்தையில் இருந்து சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன்.

இதை எடுக்கத்தான் வேண்டுமா

முகவர் சொன்னது முழுப் பொய் இல்லை. அதுதான் பிரச்சினை. மார்பகப் புற்றுநோய் உள்ள பெண்களின் இரத்தத்தையும் நோயில்லாத பெண்களின் இரத்தத்தையும் பல நாடுகளில் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். நோயாளிகளிடம் செம்பு கூடவும், நாகமும் செலனியமும் குறைவாகவும் பல ஆய்வுகளில் வந்திருக்கிறது. செம்பை நாகத்தால் வகுத்து வரும் விகிதம் கூடியிருப்பதாகவும் சொல்கிறார்கள். வித்தியாசம் இல்லை என்று முடிந்த ஆய்வுகளும் உண்டு.

ஆனால் இவற்றில் பெரும்பாலானவை நோய் வந்த பிறகு எடுத்த இரத்தம். உலோகம் மாறியதால் நோய் வந்ததா, நோய் வந்ததால் உலோகம் மாறியதா என்று அந்த ரியூப் சொல்லாது. இரண்டாவது பக்கம்தான் நியாயம் கூட என்பேன். இரத்தச் சீரத்தில் (இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரில்) உள்ள செம்பில் மிகப் பெரும் பங்கு செருலோபிளாஸ்மின் என்ற புரதத்தின் முதுகில் ஏறித்தான் திரிகிறது. உடம்பில் எங்கே அழற்சி வந்தாலும் ஈரல் அந்தப் புரதத்தைக் கூடுதலாகச் செய்யும். புரதம் கூடினால் செம்பும் கூடும். அதே நேரம் இரத்தத்தில் உள்ள நாகத்தை ஈரல் தனக்குள் இழுத்து வைத்துக்கொள்ளும். ஆக, “செம்பு கூட, நாகம் குறைவு” என்பது புற்றுநோய்க்கு மட்டும் உரிய கையெழுத்து இல்லை. நியூமோனியாவிலும், ஒப்பரேஷனுக்குப் பிறகும், ஆறாத புண்ணிலும் இதே கோலம்தான். கர்ப்பிணிகளுக்கு ஈஸ்திரோஜன் கூடுவதால் கடைசி மாதங்களில் செம்பு ஏறக்குறைய இரட்டிப்பாகும். அவர்களுக்கு ஒரு நோயும் இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மார்பகக் கட்டியின் தசையை எடுத்து அளந்தால் அதில் பக்கத்துத் தசையைவிட நாகம் கூடத்தான் இருக்கும். இரத்தத்தில் குறைவு என்று வெளியிலிருந்து கொட்டினால் சரியாகிவிடும் என்ற கணக்கு இங்கேயே பிழைத்துப் போகிறது.

மார்பகப் புற்றுநோயைக் கண்டுபிடிக்கவோ, எந்தக் கட்டம் என்று சொல்லவோ, திரும்பி வந்திருக்கிறதா என்று பார்க்கவோ உலோகச் சோதனை வழக்கத்தில் இல்லை. அதற்கு மமோகிராம், ஸ்கான், கட்டியில் ஊசி போட்டு எடுக்கும் பயொப்சி. மகரகம போனாலும் மட்டக்களப்பு போனாலும் தெல்லிப்பழை போனாலும் கிளினிக்கில் டொக்டர் உலோகச் சோதனை எழுதவில்லை என்றால் அவர் மறந்துவிட்டார் என்று எண்ணத் தேவையில்லை.

சிலருக்கு இது உண்மையிலேயே தேவைப்படும். குடல் வெட்டி எடுத்தவர்கள், மாதக்கணக்கில் நாளத்தின் வழி உணவு ஏற்றப்படுபவர்கள், காரணம் தெரியாமல் வெள்ளணுவும் இரத்தமும் குறைந்து கால் கையும் விறைப்பவர்கள். பக்ளிடக்சல் போன்ற கீமோவிலும் கை கால் விறைக்கும் என்பதால் இந்தக் கடைசி விஷயத்தை டொக்டர்தான் பிரித்தறிய வேண்டும். திருகோணமலைக்கு உரிய ஒன்றும் உண்டு: வீட்டு முற்றத்தில் ஈயம் உருக்கி வலைக்கு ஈயக்குண்டு வார்க்கும் குடும்பங்கள். பழைய பற்றறி உடைக்கும் வேலைக்காரரும் அப்படித்தான். இவர்கள் புற்றுநோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஈயம் பார்ப்பது நல்லது.

எடுப்பதென்று முடிவானால்

அண்ணாவுக்கு இவ்வளவும் சொல்லிக் கேட்டார். கடைசியில் “தங்கச்சி, நீ சொல்றது விளங்குது, ஆனா எனக்கு நித்திரை வரேல்ல” என்றார். அதனால் ஒன்பது கிழமை கழித்து, மூன்றாவது கீமோவுக்கு முன்பு, டொக்டரிடம் சொல்லிவிட்டு ஒழுங்காக ஒருமுறை எடுத்தோம்.

நாள் குறிப்பதில் இருந்து தொடங்குங்கள். ஒப்பரேஷன், காய்ச்சல், சீழ், இவை அடங்கிச் சில கிழமைகள் போகட்டும். ஸ்கானுக்குச் சாயம் ஏற்றியிருந்தால், அது சி.ரி. ஆனாலும் எம்.ஆர்.ஐ. ஆனாலும், 96 மணித்தியாலம், அதாவது நாலு நாள் பொறுங்கள். எம்.ஆர்.ஐ. சாயத்தில் உள்ள கடோலினியமும் ஓர் உலோகம்தான். இப்போது உலோகம் அளக்கும் ஐ.சி.பி.எம்.எஸ். இயந்திரம் அணுக்களை எடையால் பிரிப்பது. இரட்டை மின்னேற்றம் பெற்ற கடோலினியம் அதன் கண்ணுக்குச் செலனியம் போலவே தெரியும், எண் பொய்யாக ஏறும். (எங்கள் நாட்டில் எம்.ஆர்.ஐ. என்றால் பொரளையில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிலையமும் எம்.ஆர்.ஐ. தான். “எம்.ஆர்.ஐ. செய்தீர்களா” என்று கேட்டபோது ஒரு ஐயா “போன கிழமைதான் பஸ்ஸில் போய்வந்தேன்” என்றார். எது என்று தெளிவாகக் கேளுங்கள்.)

நேரம் காலை, வெறுவயிறு. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீர் மட்டும். நாகம் காலையில் உயர்ந்திருக்கும், சாப்பிட்டால் இறங்கும். ஒரே நாளுக்குள் ஐந்தில் ஒரு பங்கு வரை ஆடும். மச்சாளிடம் முதல் முறை எடுத்தது மத்தியானச் சோற்றுக்குப் பிறகு. நாகக் குளிசையோ பல சத்துக் குளிசையோ குடிப்பவர் என்றால், எத்தனை நாள் நிறுத்த வேண்டும் என்று லாப்பில் முன்கூட்டியே கேட்டு, டொக்டர் எழுதிய மருந்தாக இருந்தால் அவரிடமும் கேட்டு நிறுத்துங்கள். காய்ச்சலுக்கும் கீமோவுக்கும் எழுதிய மருந்தை எக்காரணம் கொண்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கை: அக்குள் நெறி எடுத்த பக்கக் கையில் ஊசி குத்துவதைத் தவிர்ப்பதுதான் வழக்கம். வருகிறவர் கேட்காவிட்டால் நீங்கள் சொல்லுங்கள். மற்றக் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடையுங்கள். கலமைன் லோஷன், குழந்தைகளுக்குப் பூசும் வெள்ளைக் கிறீம் எல்லாம் நாக ஒட்சைட்டு. ரேடியேஷனில் தோல் எரிந்தவர்கள் பூசுவார்கள், அதே விரலால் மற்றக் கையையும் சொறிவார்கள். ஊசி அந்தத் தோலைக் கடந்துதான் உள்ளே போகிறது. துடைக்க ஸ்பிரிட் போதும், அயடின் வேண்டாம். கையுறை தூள் போடாததாக இருக்க வேண்டும். தூளிலும் நாகம் உண்டு.

அடுத்தது ரியூப். இதில்தான் பாதிப் பேர் விழுகிறார்கள். சாதாரணச் சிவப்பு மூடி ரியூப்பின் றப்பரில் நாகம் இருக்கிறது, இரத்தம் பட்டால் கரைந்து வரும். உலோகச் சோதனைக்கென்று தனியாகக் கடும் நீல மூடி ரியூப் உண்டு. அதன் ஒட்டுத்தாளில் சிவப்புப் பட்டை என்றால் சீரத்துக்கு, ஊதாப் பட்டை என்றால் உறையாமல் வைத்திருக்கும் மருந்து போட்டது. நாகம், செம்பு, செலனியம் சீரத்தில் பார்க்கலாம். ஈயமும் கட்மியமும் முழு இரத்தத்தில்தான் பார்க்க வேண்டும், ஏனென்றால் இரத்தத்தில் உள்ள ஈயத்தில் கிட்டத்தட்ட முழுவதும் செவ்வணுவுக்குள் ஒளிந்திருக்கும். சீரத்தில் ஈயம் பார்த்துத் “துப்புரவு” என்று எழுதிய ரிப்போட் ஒன்றும் என்னிடம் வந்தது. அது சுவரில் எண்ணெய் தேடிவிட்டுப் போத்தலில் எண்ணெய் இல்லை என்று சொன்ன மாதிரி.

நீல மூடி ரியூப் இருக்கிறதா என்று போன் எடுத்துக் கேளுங்கள். “எந்த ரியூப்பும் சரி” என்றால் வேறு இடம் பாருங்கள். பல ரியூப்பில் எடுப்பதானால் நீலத்துக்கு முதலில் எடுக்கச் சொல்லுங்கள். கையில் றப்பர்ப் பட்டியைக் கட்டி நரம்பு தேடிக்கொண்டே நிமிடக்கணக்கில் இருந்தாலும் நாகம் கூடிக் காட்டும். நரம்பு கிடைக்காவிட்டால் அவிழ்த்துவிட்டுத் திரும்பக் கட்டுவதுதான் முறை. கீமோக்காரருக்கு நரம்பு ஒளிந்துகொள்ளும், பாவம். முதல்நாள் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள்.

எடுத்த பிறகு இரண்டு மணித்தியாலத்துக்குள் சுழற்றிச் சீரத்தைப் பிரித்துவிட வேண்டும். செவ்வணுவுக்குள் நாகம் சீரத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு. நேரம் போகப் போக, வெயில் பட, குலுங்க, அணு உடைந்து நாகம் வெளியே கசியும். சீரம் தேயிலைச் சாயம் போல் சிவந்திருந்தால் அதை அனுப்பவே கூடாது. மச்சாளின் முதல் ரியூப் மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் உப்புவெளி, நிலாவெளி என்று இன்னும் மூன்று வீடு ஏறி இறங்கியிருக்கிறது. நானும் சுத்தமான ஆள் இல்லை: வேலைக்குச் சேர்ந்த புதிதில், பிரித்த சீரத்தை றப்பர் மூடிக் குப்பியில் ஊற்றிப் படுக்க வைத்துக் கொழும்புக்கு அனுப்பி, வந்த எண்ணைப் பார்த்து மேலதிகாரி என்னைக் கூப்பிட்டு நிறுத்தியது இன்றும் காது சுடுகிறது. சீரத்தை மரக்குச்சி, கண்ணாடிக் குழாய் எதுவும் தொடாமல், உலோகமில்லாத பிளாஸ்ரிக் குப்பிக்குள் நேரே சரித்து ஊற்ற வேண்டும். குப்பியை நிமிர்த்தி வைத்து, றெஜிபோம் பெட்டியில் ஐஸ் பைக்கற்றுடன் அனுப்ப வேண்டும். இங்கிருந்து கொழும்பு 260 கிலோமீற்றர் அளவு. இரவு பஸ்ஸோ கோச்சியோ எதுவானாலும் விடிந்துதான் போய்ச் சேரும். சுழற்றிப் பிரிக்காமல் அவ்வளவு தூரம் அனுப்பினால் கிடைப்பது எண் இல்லை, சோழிப் பலன்.

அதே ஊசியில் இன்னும் இரண்டு சோதனைக்கு இரத்தம் எடுக்கச் சொல்லுங்கள்: சி.ஆர்.பி. (அழற்சி இருந்தால் ஏறும் புரதம்), அல்புமின் (இரத்தத்தில் உள்ள முக்கியப் புரதம்). இவை இல்லாமல் வரும் நாக எண்ணை நான் வாசிப்பதே இல்லை.

ரிப்போட்டை எந்தப் பக்கத்திலிருந்து வாசிப்பது

சிவப்பு எழுத்தைக் கையால் மறைத்துக்கொண்டு மேலிருந்து தொடங்குங்கள். எந்த நாள், எத்தனை மணி, என்ன மாதிரி, எந்த ரியூப். எடுத்த நேரமும் லாப்புக்குச் சேர்ந்த நேரமும் இரண்டும் போட்டிருக்க வேண்டும். மச்சாளின் முதல் ரிப்போட்டில் எடுத்த நேரம் வெறுமை.

பிறகு சி.ஆர்.பி. 2012 இல் வெளியான ஒரு ஸ்கொட்லாந்து ஆய்வு நல்ல கைக்கணக்கு ஒன்று தந்திருக்கிறது. சி.ஆர்.பி. லீற்றருக்கு 20 மில்லிகிராமைத் தாண்டியிருந்தால் நாக எண்ணை நம்பி எதையும் முடிவு செய்யாதே, 10 ஐத் தாண்டியிருந்தால் செலனிய எண்ணையும் நம்பாதே. அழற்சி இருக்கும்போது இவை தாமாகவே இறங்கும். அல்புமினையும் பாருங்கள். இரத்தத்து நாகத்தில் பெரும்பகுதி அல்புமினில் ஒட்டிக்கொண்டுதான் போகிறது. சாப்பிட முடியாமல் அல்புமின் இறங்கியவருக்கு நாகமும் இறங்கித்தான் காட்டும்.

அதற்குப் பிறகு அலகு. இதில் ஒரு தம்பி என்னை இரவு பத்து மணிக்கு எழுப்பினார்: “அக்கா, அம்மாவுக்கு நாகம் வெறும் 12, இருக்க வேண்டியது 70 ஆம்!” 12.2 என்று இருந்தது மைக்ரோமோல் கணக்கில். 70 என்று அவர் இணையத்தில் பார்த்தது மைக்ரோகிராம் கணக்கில். நாகத்தில் ஒரு மைக்ரோமோல்/லீற்றர் என்பது 6.54 மைக்ரோகிராம்/டெசிலீற்றர். 12.2 ஐ 6.54 ஆல் பெருக்கினால் 80. ஒரு குறையும் இல்லை. செம்புக்கு 6.35 ஆல் பெருக்குங்கள். வளர்ந்த பெண்களுக்கு டெசிலீற்றருக்கு நாகம் ஏறக்குறைய 70 முதல் 120 மைக்ரோகிராம், செம்பு 80 முதல் 155 மைக்ரோகிராம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் லாப்புக்கு லாப் எல்லை மாறும். உங்கள் ரிப்போட்டின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் எல்லையோடுதான் ஒப்பிட வேண்டும். இரண்டு லாப்பின் ரிப்போட்டைப் பக்கத்தில் வைத்து “கூடியிருக்கு, குறைஞ்சிருக்கு” என்று சொல்வது அர்த்தமில்லாதது.

செம்பு–நாக விகிதத்தைத் தனி வரியில் பெரிதாகப் போட்டுப் பயப்படுத்துவார்கள். மேலே கூடுவதும் கீழே குறைவதும் ஒரே காரணத்தால், அழற்சியால். அதனால் விகிதம் அந்த ஒரே கதையை இரண்டு முறை சொல்கிறது, அவ்வளவுதான். கருத்தடைக் குளிசையும் ஈஸ்திரோஜன் சிகிச்சையும் செம்பை ஏற்றும் என்பதால் பழைய மருந்து விவரமும் பக்கத்தில் இருக்கட்டும். முப்பது மூலகம் அளந்த நீண்ட ரிப்போட்டில் பிளாட்டினம் என்று ஒரு வரி சிவந்திருந்தால் திடுக்கிடாதீர்கள். காபோபிளாட்டின் என்ற கீமோ மருந்து ஏற்றியவருக்குப் பிளாட்டினம் வராமல் வேறென்ன வரும்.

மச்சாளின் இரண்டு ரிப்போட்டையும் சொல்கிறேன். முதலாவது: நாகம் 58, செம்பு 178, சி.ஆர்.பி. பார்க்கவே இல்லை. இரண்டாவது: நாகம் 76, செம்பு 141, சி.ஆர்.பி. 4. இடையில் அவர் செய்த பெரிய வேலை சீழ் காய்ந்து புண் ஆறியதுதான். முதல் எண்ணில் சோறும் அழற்சியும் நாகத்தைக் கீழே இழுத்திருக்கும், றப்பரும் வெயிலும் மேலே தள்ளியிருக்கும். எது எவ்வளவு என்று பிரிக்க வழியில்லை.

ஈயம், கட்மியம், ஆசனிக்கு

இவை உடம்புக்கு வேண்டாதவை, அதனால் “குறைவு” என்ற பேச்சே இல்லை. ஈயம் டெசிலீற்றருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ என்றால் எங்கிருந்து வருகிறது என்று தேடச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் 2021 இல் வழிகாட்டியிருக்கிறது. வீட்டில் ஈயக்குண்டு வார்க்கிறார்களா, பஸ்பம் செந்தூரம் சாப்பிடுகிறாரா என்பவை என் முதல் கேள்விகள். சித்த மருத்துவத்தைக் குறை சொல்ல எழுதவில்லை. கோணேசபுரியில் பல்கலைக்கழக வளாகத்திலேயே முறையாகப் படிப்பிக்கிறார்கள். படித்துப் பதிந்த வைத்தியர் தருவது வேறு, பெயரில்லாப் போத்தலில் வரும் பொடி வேறு. அமெரிக்காவின் பொஸ்ரன் நகரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுள்வேத மருந்துகளில் 14 இல் ஈயமோ பாதரசமோ ஆசனிக்கோ இருந்ததாக 2004 இல் ஓர் ஆய்வு வந்தது. எதைச் சாப்பிட்டாலும் அதைக் கிளினிக்கில் மறைக்காதீர்கள்.

கட்மியம் புற்றுநோயை உண்டாக்கும் என்பது நுரையீரல் விஷயத்தில் உறுதி. மார்பகத்தில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. புகைப்பவருக்கு இது பல மடங்கு கூடியிருக்கும், அதனால் வீட்டில் யார் பீடி சுருட்டு என்று கேட்க வேண்டியிருக்கிறது.

ஆசனிக்கை இரத்தத்தில் இல்லை, சிறுநீரில்தான் பார்ப்பார்கள். எங்கள் ஊருக்கு இதில் பொறி இருக்கிறது. நண்டு, இறால், கணவாய், மீன் சாப்பிட்டவரின் சிறுநீரில் மொத்த ஆசனிக்கு எகிறும். ஆனால் அது பெரும்பாலும் தீங்கில்லாத கடல்வகை. திருக்கடலூரில் பிறந்து வளர்ந்த ஒருவரை மூன்று நாலு நாள் மீன் இல்லாமல் இருக்கச் சொல்லிவிட்டு எடுக்க வேண்டும், அல்லது வகை பிரித்து அளக்கும் லாப்புக்கு அனுப்ப வேண்டும். புல்மோட்டை மணலால் வந்ததா என்று கேட்பவர்களும் உண்டு. அங்கே அள்ளுவது இல்மனைட்டு, தைத்தேனியமும் இரும்பும் சேர்ந்தது. இந்தப் பட்டியலில் உள்ள நஞ்சுகள் அல்ல.

முடி வெட்டி அனுப்பி உலோகம் பார்ப்பதற்குக் காசு கொடுக்காதீர்கள். 2001 இல் ஒரே ஆளின் முடியைப் பிரித்து ஆறு லாப்புக்கு அனுப்பிப் பார்த்தார்கள், ஆறும் ஆளுக்கொரு கதை சொன்னது. கீமோவில் முடி கொட்டியவரிடம் முடி கேட்பதே அநியாயம். அதைவிட ஆபத்தானது, உலோகத்தை இழுக்கும் மருந்தை முதலில் கொடுத்துவிட்டுச் சிறுநீர் எடுப்பது. யாருக்குக் கொடுத்தாலும் எண் ஏறும். பிறகு “நச்சு நீக்க” ஊசி என்று தொடரும். அப்படி ஏற்றியபோது இரத்தத்தில் கல்சியம் இறங்கி அமெரிக்காவில் 2003 முதல் 2005 வரை மூன்று பேர் இறந்தார்கள்.

துண்டில் எழுதிய குளிசைகள்

அண்ணா அந்தத் துண்டோடு பாமசிக்குப் போய் 50 மில்லிகிராம் சிங்க் வாங்கி வந்து, காலை மாலை வெறும் வயிற்றில் மச்சாளுக்குக் கொடுத்திருக்கிறார். ஒன்பது நாள் சத்தி. கீமோவே தொடங்காத ஆளுக்குக் கீமோ சத்தி என்று அழுதுகொண்டிருந்தார்கள். நான் குளிசைப் போத்தலை எடுத்து என் பையில் போட்டேன், சத்தி நின்றது.

ஒரு பெண்ணுக்கு நாளுக்கு வேண்டிய நாகம் 8 மில்லிகிராம், தாண்டக் கூடாத மேல் எல்லை 40. அவருக்குப் போனது 100. மாதக்கணக்கில் அப்படிப் போனால் நாகம் குடலில் செம்பின் வழியை அடைத்துவிடும். செம்பு குறைந்தால் வெள்ளணு இறங்கும், இரத்தம் குறையும், கால் விறைக்கும். கீமோ எடுப்பவருக்கு வெள்ளணு இறங்கினால் அடுத்த கீமோ தள்ளிப்போகும், டொக்டரும் கீமோவால்தான் இறங்கியது என்று நினைப்பார், நீங்கள் குளிசையைச் சொல்லியிருக்காவிட்டால். காய்ச்சலுக்கு எழுதும் சிப்ரோபுளொக்சசினையும் நாகம் வயிற்றிலேயே பிடித்து வைத்துவிடும்.

செலனியம் இன்னும் நுணுக்கம். சுவீடனில் மார்பகப் புற்றுநோயுள்ள ஏறத்தாழ 2,000 பெண்களில், செலனியம் குறைந்தவர்களிடையே இறப்புக் கூடியிருந்ததாக 2021 இல் எழுதினார்கள். அக்கறையோடு பார்க்க வேண்டிய விஷயம்தான். ஆனால் குறைந்திருப்பது ஒன்று, குளிசையால் ஏற்றினால் நன்மை வரும் என்பது இன்னொன்று. புரஸ்டேட் புற்றுநோயைத் தடுக்கும் என்று 35,000 இற்கு மேற்பட்ட ஆண்களுக்குச் செலனியமும் விற்றமின் ஈ உம் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வை 2008 இல் நிறுத்தினார்கள். செலனியம் உதவவில்லை. முன்பே உடம்பில் செலனியம் போதுமாக இருந்தவர்களிடம் கடுமையான வகை கூடியது பிறகு தெரிந்தது. சூரை, சாளை, கீரி என்று கிழமைக்கு நாலு நாள் மீன் தின்னும் ஊரில் செலனியத்துக்குப் போத்தல் தேடுவது எனக்குச் சிரிப்பு. பெரிய சுறாவை மட்டும் அடிக்கடி வேண்டாம், அதில் பாதரசம் சேரும்.

இரும்புக் குளிசையையும் பி12 ஐயும் நீங்களாகத் தொடங்க வேண்டாம். கீமோ எடுத்த 1,134 மார்பகப் புற்றுநோயாளரைப் பின்தொடர்ந்து 2020 இல் வந்த ஆய்வில் இவற்றைக் கீமோவுக்கு முன்னும் போதும் எடுத்தவர்களிடம் நோய் திரும்புவது கூடக் காணப்பட்டது. டொக்டர் காரணத்தோடு எழுதினால் குடியுங்கள், கேள்வி கேட்டுவிட்டுக் குடியுங்கள்.

செம்பைக் குறைத்தால் நல்லதா என்றும் கேட்பார்கள், இணையத்தில் அப்படி ஒரு பேச்சு ஓடுகிறது. கட்டி புது இரத்தக்குழாய் போடச் செம்பு தேவை என்ற எண்ணத்தில், செம்பைக் கட்டும் ஒரு மருந்தை நியூயோர்க்கில் நோய் திரும்பும் அபாயம் கூடிய 75 பெண்களுக்குக் கொடுத்துப் பார்த்து 2017 இல் எழுதினார்கள். செருலோபிளாஸ்மினை அளந்து அளந்து, மருத்துவர் கண்முன்னே. வீட்டில் செய்து பார்க்கிற வேலையில்லை அது.

கிளினிக் போகும்போது ரிப்போட்டின் போட்டோக் கொப்பி, சாப்பிடும் எல்லாக் குளிசைப் போத்தலும் ஒரு சொப்பிங் பையில், எடுத்த நாளும் நேரமும் கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில். கேள்வி இரண்டு போதும்: “இந்த எண்ணால் என் மருந்தில் ஏதாவது மாறுமா? மாறாவிட்டால் திரும்ப எடுக்க வேண்டுமா?” மச்சாளின் டொக்டர் இரண்டாவது ரிப்போட்டைப் பார்த்து “தேவையில்லை” என்று ஒரு சொல்லில் முடித்தார். அண்ணா அன்றிரவு நித்திரை கொண்டார்.

செம்பு பரணிலிருந்து இறங்கிவிட்டது. பச்சை பிடித்திருந்ததைப் புளி போட்டுத் தேய்த்தது நான்தான். அதில் தண்ணீர் மட்டும் வையுங்கள். மோரும் தேசிக்காய்த் தண்ணீரும் அதில் ஊற்றினால் செம்பு கரைந்து வரும், அதற்கு எவர்சில்வர் இருக்கிறது.